கொடைக்கானல் பயணமும் கோதுமை விலக்கும்

கோடை விடுமுறையில் மதுரையைச் சூழ்ந்த சமண மலைகளையும், பழனிக்கு மேற்கேயுள்ள ஐவர்மலையையும் தரிசித்துவிட்டுக் கொடைக்கானலுக்கும் சென்று வருவது நம்மவர் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். இவ்வழியில் ஊன் கலவாத உணவு கிடைப்பது அரிதன்று. கிழங்கு விலக்கு, இரவுண்ணாமை ஆகிய நோன்புகளை உடையோரும் சற்றுத் திட்டமிட்டால் இடரின்றிச் சென்று வரலாம். ஆனால், குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குக் கோதுமை ஆகாது என்று மருத்துவர் கூறிவிட்டால் நிலைமை வேறாகிறது. சைவ விடுதி என்னும் பெயர்ப்பலகை அப்பிள்ளைக்குக் காவலாகாது.

முதலில் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உள்ளது. மைதா மாவு பரோட்டாவுக்காக இழுத்த இழுப்புக்கு நீள்வது இதனாலேயே. சீலியாக் நோய் உடையோர்க்கு இப்புரதம் உட்சென்றால், உணவின் சத்தை ஈர்க்கும் குடலுறிஞ்சிகளை அவர்தம் உடலே சிதைத்துக்கொள்கிறது. பிள்ளை வளர்ச்சி குன்றும், இரத்தசோகை காணும். நெதர்லாந்து நாட்டு மருத்துவர் டிக்கே, கோதுமையே இதற்குக் காரணம் என்பதை 1950இல் தம் ஆய்வேட்டில் எடுத்துரைத்தார். இன்றளவும் இதற்கு வாழ்நாள் முழுதும் விலக்குதல் ஒன்றே மருத்துவம். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருப்பின் அதனைக் 'குளூட்டன் அற்றது' என்று விற்கலாகாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரையறை.

"கொஞ்சம் தின்றால் என்ன ஆகிவிடும்?" என்று அன்பினால் ஊட்டும் உறவினர் நம்மிடையே உண்டு. ஒரு கரண்டி ஊன்குழம்பு விழுந்த சாம்பாரைப் பெரும்பகுதி பருப்புதானே என்று நாம் உண்பதில்லை. இப்பிள்ளைக்கு மைதாவும் அத்தகையதே. அன்று வயிறு வலிக்கவில்லை என்பதால் உள்ளே கேடு நிகழவில்லை என்று கொள்ளுதல் தவறு.

இட்டலியும் தோசையும் அரிசியும் உளுந்தும்தானே எனலாம். உண்மையே, நம் தென்னாட்டுச் சிற்றுண்டி இவ்வகையில் பெரும்பேறு. எனினும் மறைவிடங்கள் பல. அவற்றுள் முதன்மையானது பெருங்காயம். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினுடன் மைதாவோ அரிசி மாவோ சேர்க்கப்படுகிறது. கட்டியாக விற்பதும் பெரும்பாலும் அத்தகையதே. சாம்பார், ரசம், வெண்பொங்கல், தாளித்த தயிர்சோறு ஆகிய யாவற்றிலும் அது புகும். ரவா தோசையில் ரவையோடு மைதாவும் உண்டு. மொறுமொறுப்புக்காகச் சாதாரண தோசை மாவில் ரவை கலக்கும் சமையற்காரரும் உளர். சப்பாத்தி சுட்ட கல்லிலேயே தோசையும், சமோசா பொரித்த எண்ணெயிலேயே வாழைக்காய் பஜ்ஜியும் ஆவது யாவரும் அறிந்ததே. மலைக்குளிருக்குப் பிள்ளைகள் விரும்பும் மால்ட் பானங்கள் பார்லியால் ஆனவை. ஏரிக்கரையில் ஆவி பறக்க விற்கும் மோமோவின் மேலுறை மைதா. சீன முறைச் சோற்றில் ஊற்றும் சோயா சாற்றிலும் கோதுமை உண்டு.

நமக்குரிய தனி இடர் ஒன்றுண்டு. கோதுமை இல்லாதது வேண்டும் என்று கேட்டால், அறிந்த விடுதிக்காரர் முதலில் காட்டுவது உருளைக்கிழங்கு. பழனி மலையில் அதுவும், கேரட்டும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டும் செழித்து விளைகின்றன. கிழங்கும் பூண்டும் விலக்கியோர்க்கு அவை உதவா. அதே ஆண்டில் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் கோதுமை இல்லை. ஆனால் தேன் உண்டு. கள், ஊன், தேன் மூன்றையும் விலக்குதல் நம் இல்லறத்தாரின் அடிப்படை ஒழுக்கம். பொட்டலத்தின் மீதுள்ள பச்சைப் புள்ளி தேனையும் கிழங்கையும் தடுப்பதன்று. கோதுமையைப் பற்றியும் அது ஒன்றும் கூறாது. ஆகவே பொருட்பட்டியலைப் படித்தே தீரவேண்டும். விருப்பாச்சி மலைவாழை, பேரி, பிளம்ஸ் போன்ற கனிகளுக்கு இந்த ஆராய்ச்சி வேண்டா என்பது ஓர் ஆறுதல்.

விடுதியில் வினவும் முறையும் முக்கியம். "குளூட்டன் உண்டா?" என்றால் பரிமாறுபவர் விழிப்பார், அல்லது நம்மை மகிழ்விக்க "இல்லை சார்" என்பார். "அண்ணா, இந்தப் பிள்ளைக்குக் கோதுமை, மைதா, ரவை மூன்றும் நோய் தரும். தோசை மாவில் ரவை போட்டிருக்கிறீர்களா? பெருங்காயம் எந்தப் பெட்டியிலிருந்து போடுகிறீர்கள்?" என்று சமையற்காரரிடமே கேட்பது நன்று. கூட்டம் மிகுந்த நண்பகலில் இது நடவாது. காலை ஏழு மணிக்கு, கல்லில் சப்பாத்தி ஏறுமுன் சென்றால் பொறுமையாக விடை கிடைக்கும். நோன்புடையோர் மாலையுணவை ஆறு மணிக்குள் முடிக்க வேண்டியவர்கள். அப்பொழுதும் விடுதியில் கூட்டம் குறைவு. துணியில் வார்த்த இட்டலி, வெறுஞ்சோறு, தாளிக்காத பருப்பு, நெய், தயிர் ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். சுவை குறைவுதான், மூன்று நாள் பொறுத்துக்கொள்ளலாம்.

சமையலறையோடு கூடிய வீட்டை வாடகைக்கு எடுத்தல் இதனினும் மேல். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் நீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது. ஆகவே சிறிய குக்கர் ஒன்றைக் கொண்டு செல்க. தோசைக்கல்லும் நம்முடையதாக இருத்தல் வேண்டும்.

மலைப்பாதையில் பேருந்து தாமதித்து, இருள் சூழ்ந்தபின் பிள்ளை பசியால் அழுதால் யாது செய்வது? கோதுமை விலக்கில் விதிவிலக்கு இல்லை. இல்லறத்தார் நோன்போ அவரவர் ஆற்றலுக்கு ஏற்ப மேற்கொள்வது. நோயுற்ற சிறுவரை அதில் நெருக்குதல் தகாது என்பது நம் கருத்து. இரவுண்ணாமையைக் காக்க எண்ணிப் பகலில் அவசரமாகக் கிடைத்த பன்னை ஊட்டுவதினும், கையிலுள்ள அவலை இருட்டியபின் கொடுப்பதே மேல். பெரியோர் சிலர் உடன்படாதிருக்கலாம். புறப்படுமுன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்வது பிள்ளையின் எதிரே வாக்குவாதம் எழாமல் தடுக்கும்.

ஐவர்மலைக்கும் இதே ஏற்பாடு வேண்டும். சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், இரண்டாம் வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில், குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் அங்குள்ள பார்சுவநாதர் திருவுருவையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்தார். வழிபாட்டு அமுதுக்கும், ஒரு துறவியின் சோற்றுக்குமாக 505 காணம் பொன்னும் வைத்தார் எனக் கல்வெட்டு கூறுகிறது. இன்று நம் சோற்றை நாமே கட்டிச் செல்லவேண்டும். பெருங்காயம் சேர்க்காத புளியோதரை ஒரு நாள் தாங்கும்; பழனி–கொழுமம் சாலையில் வெயில் ஏறுமுன் புறப்பட்டால் மலையிலிருந்து இறங்கி நிழலில் அமர்ந்து உண்ணலாம். பிள்ளைக்குரிய பொட்டலத்தைத் தனிப்பையில் வைத்து, பெயர் எழுதிவிடுக.