புல் முளைத்த நிலம் தரிசு நிலமா?

(பி.எஸ்ஸி. புவியியல், இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

சென்ற கல்வியாண்டில் எங்கள் துறையின் சார்பில் உதகமண்டலத்திற்குக் களப்பயணம் சென்று வந்தோம். திரும்பி வந்ததும் ஒவ்வொரு மாணவரும் ஒரு நிலப்பயன்பாட்டுப் படம் வரைந்து கொடுக்க வேண்டும் என்பது விதி. நானும் வரைந்தேன். காட்டிற்குப் பச்சை, தேயிலைக்கு இளம்பச்சை, ஊருக்குச் சிவப்பு என்று வண்ணம் தீட்டினேன். மரமும் இல்லாமல் பயிரும் இல்லாமல் புல் மட்டும் இருந்த மேடுகளுக்கு மஞ்சள் பூசி, ஓரத்தில் 'தரிசு நிலம்' என்று எழுதினேன். விரிவுரையாளர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பித் தந்தார்.

அன்று மாலை அப்படத்தை வீட்டில் விரித்து வைத்திருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத என் தாத்தா, அது என்ன மஞ்சள் என்று கேட்டார். சும்மா கிடக்கிற புல் தரை என்றேன். "ஏன் கண்ணு, புல்லு மொளச்ச எடம் எப்படிச் சும்மா கெடக்கிற எடமாகும்?" என்றார். விரிவுரையாளரின் கேள்விக்குறியும் தாத்தாவின் கேள்வியும் ஒன்றே என்பது எனக்குப் பின்னரே விளங்கியது. அதற்கு விடை தேடிப் படித்தவற்றையும் பார்த்தவற்றையும் மாணவ நண்பர்களுடன் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உலகின் மித வெப்ப மண்டலப் புல்வெளிகள்

காடு வளர்வதற்கு மழை போதாது. பாலையாவதற்கு மழை அதிகம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கண்டங்களின் உட்பகுதிகளில், ஆண்டிற்கு ஏறத்தாழ 25 முதல் 75 செ.மீ. மழை பெறும் இடங்களில், மித வெப்ப மண்டலப் புல்வெளிகள் பரவியுள்ளன. இவை உக்ரைன் முதல் மங்கோலியா வரை ஸ்டெப்பி என்றும், வட அமெரிக்காவில் பிரெய்ரி என்றும், அர்ஜென்டினாவில் பாம்பாஸ் என்றும், தென்னாப்பிரிக்காவில் வெல்டு என்றும், ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ் என்றும் பெயர் பெறுகின்றன.

வட கோளத்தில் உள்ளவை கடலுக்கு வெகு தொலைவில் இருப்பதால் குளிர்காலம் மிகக் கடுமையானது. கனடாவின் வினிப்பெக் நகரில் சனவரி மாதச் சராசரி வெப்பம் உறைநிலைக்குக் கீழே 16 டிகிரி அளவில் இருக்கும். சூலையில் அது 20 டிகிரியை நெருங்கும். தென் கோளத்தில் கடல் அருகில் இருப்பதால் இத்தகைய கடுமை இல்லை.

இக்குளிரையும் வறட்சியையும் புல் எவ்வாறு தாங்குகிறது? மரத்தின் வளர்நுனி கிளையின் உச்சியில் இருக்கிறது. புல்லின் வளர்நுனியோ மண்ணை ஒட்டி அடியில் இருக்கிறது. எனவே மாடு மேய்ந்தாலும், தீ எரித்தாலும், பனி கருக்கினாலும் அது மீண்டும் துளிர்க்கிறது. பிரெய்ரியின் உயரப் புற்கள் சிலவற்றின் வேர்கள் இரண்டு மீட்டருக்கும் கீழே இறங்குகின்றன. அவ்வேர்கள் ஆண்டுதோறும் மடிந்து மக்குவதால் உண்டானதே செர்னோசெம் எனப்படும் கரிய வளமண். புல்வெளியின் செல்வம் கண்ணுக்குத் தெரியும் இலையில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத வேரில் இருக்கிறது எனலாம்.

மங்கோலிய மேய்ப்பர்கள் இச்செல்வத்தை மண்ணைக் கிளறாமலே பயன்படுத்தக் கற்றவர்கள். செம்மறியாடு, வெள்ளாடு, மாடு, குதிரை, ஒட்டகம் ஆகிய ஐந்தையும் வளர்த்து, 'கெர்' என்னும் கம்பளிக் கூடாரத்தைக் கழற்றி எடுத்துக் கொண்டு பருவத்திற்கு ஒரு மேய்ச்சல் நிலம் தேடிச் செல்வர். இவ்வாழ்வு எளிதன்று. 2009-10ஆம் ஆண்டின் கொடுங்குளிரில் அங்கு 80 இலட்சத்திற்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன.

அமெரிக்காவில் நடந்தது வேறு கதை. பிரெய்ரியில் பல கோடியாகத் திரிந்த காட்டெருமைகள், 1880களின் இறுதியில் ஏறத்தாழ ஆயிரமாகக் குறையும் அளவிற்குச் சுட்டுத் தள்ளப்பட்டன. புல்வெளி உழப்பட்டுக் கோதுமை வயலாயிற்று. 1930களில் தொடர்ந்து மழை பொய்த்தபோது, பிடித்து வைக்க வேரில்லாத மண் காற்றில் எழுந்தது. 1935 ஏப்ரல் 14ஆம் நாள் எழுந்த புழுதிப் புயல் பகலையே இருளாக்கியதால், அந்நாளைக் 'கருப்பு ஞாயிறு' என்றே அழைக்கின்றனர். இலட்சக்கணக்கானோர் ஊரை விட்டு வெளியேறினர். புல்லை வெறுமை என்று எண்ணியதற்குக் கொடுத்த விலை இது.

நீலமலையின் புல்வெளி

இத்தகைய புல்வெளி நம் தமிழ்நாட்டில் உண்டா? துல்லியமாகச் சொன்னால் இல்லை. நாம் வெப்ப மண்டலத்தில் வாழ்கிறோம். ஆனால் அதற்கு நெருங்கிய உறவுடைய மலைப் புல்வெளி உண்டு. உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது என்பது நாம் பாடத்தில் படித்ததே. உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் ஆவடியோ தாழ்ந்த கடற்கரைச் சமவெளியில் உள்ளது. கணக்கிட்டுப் பார்த்தால் வேறுபாடு 14 டிகிரிக்கு மேல் வருகிறது. மழை ஸ்டெப்பியைவிட மிக அதிகம். ஆண்டு முழுவதும் குளிரும் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஆயினும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் உறைபனி விழுகிறது. திறந்த மேடுகளில் காற்று ஓயாமல் வீசுகிறது.

இங்கே பள்ளத்தாக்குகளின் மடிப்புகளில் மட்டும் சோலைக் காடுகள் அடர்ந்திருக்கும். மேடுகள் முழுவதும் புல் போர்த்தியிருக்கும். காடு ஏன் மேட்டிற்கு ஏறவில்லை? சோலை மரங்களின் இளங்கன்றுகள் திறந்த வெளியின் உறைபனியைத் தாங்குவதில்லை என்பது அறிஞர் பலர் கூறும் காரணம். தீயும் மேய்ச்சலும் உடன் காரணங்களாகக் கூறப்படுகின்றன. 'மனிதன் காட்டை அழித்ததால் வந்ததே இப்புல்' என்று முன்பு கருதியவர்களும் உண்டு. ஆனால் ஆர். சுகுமார் முதலிய இந்திய அறிவியலறிஞர்கள் நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணை ஆராய்ந்து 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே இங்குப் புல்வெளி பரந்திருந்ததைக் காட்டியது. அஃதாவது, இம்மலையில் ஏரும் கோடரியும் வருவதற்கு முன்பே புல் வந்துவிட்டது.

வரையாடும் குறிஞ்சியும்

இப்புல்வெளியின் தலைமகன் நம் மாநில விலங்காகிய வரையாடு. சங்க நூல்கள் இதனை 'வருடை' என்று குறிக்கின்றன. பகலில் புல் மேய்வதும், புலியோ சிறுத்தையோ வந்தால் செங்குத்தான பாறையில் ஏறித் தப்புவதும் இதன் வாழ்க்கை. ஆகவே இதற்குப் பாறையும் வேண்டும்; பாறையை ஒட்டிய புல்லும் வேண்டும். இதனைக் காப்பதற்காக 78 சதுர கி.மீ. பரப்புள்ள முக்குருத்தி 1990இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. தமிழக அரசு 2022 டிசம்பரில் அறிவித்த 'நீலகிரி வரையாடு திட்டம்' 2023 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 2024இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 வரையாடுகள் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. நம் கல்லூரி மாணவர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது எவ்வளவு சிறிய தொகை என்பது புரியும்.

12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் இப்புல்வெளிச் சரிவுகளின் செடியே. 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்து 2030இல் எதிர்பார்க்கலாம்.

தோடர் வாழ்க்கை

மங்கோலியருக்குக் குதிரை எப்படியோ, நீலகிரியின் தோடருக்கு எருமை அப்படி. இன்று ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே உள்ள இம்மக்கள் மரக்கறி உண்பவர்கள். அவர்களது குடியிருப்பிற்கு 'மந்து' என்று பெயர். உதகமண்டலம் என்ற பெயரே 'ஒத்தக்கல் மந்து' என்பதிலிருந்து வந்தது என்பர். எருமைக் கொட்டிலும் பால்மனையும் அவர்களுக்குக் கோயில். அக்கோயிலுக்குக் கூரை வேயச் சதுப்பு நிலத்தில் வளரும் தனி வகைப் புல் வேண்டும்; அது இல்லையேல் கோயில் இல்லை. தோடர் பாலும் நெய்யும் தர, படகர் தானியம் தர, கோத்தர் மட்பாண்டமும் இரும்புக் கருவியும் தர, குறும்பர் காட்டுப் பொருள் தர, ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்த பண்டமாற்று முறை அங்கு நெடுங்காலம் நிலவியது. அதில் பாலின் பங்கு முழுவதும் புல்லிலிருந்து வந்தது.

சீகை மரம் வந்த கதை

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிய பின் வெள்ளையர் குடியேற்றம் தொடங்கியது. அவர்கள் கண்ணுக்கு அப்புல்மேடுகள் தம் நாட்டு மேய்ச்சல் மேடுகளைப் போலத் தோன்றின. 'வென்லாக் டவுன்ஸ்' என்ற பெயர் அதற்குச் சான்று. திரைப்படப் பாடல் காட்சிகளில் நாம் பார்த்துப் பழகிய புல்மேடு அதுவேயாகும். அதே வெள்ளையர் விறகிற்காக ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் கொண்டு வந்தனர். விடுதலைக்குப் பின், தோல் பதனிடும் பட்டைக்காகவும், செயற்கை இழை ஆலைகளின் மரக்கூழுக்காகவும் அவை பெருமளவில் நடப்பட்டன. நட்டவர்கள் தீயவர்கள் அல்லர். தொழில் வளர வேண்டிய காலம். மரம் நடுவது நற்செயல் என்பதே எல்லாரும் அறிந்த பாடம். நான் மஞ்சள் பூசிய அதே நிலத்தை அவர்களும் 'சும்மா கிடக்கிறது' என்று கருதினர், அவ்வளவே.

விளைவு என்ன? நட்ட இடத்தில் சீகை நிற்கவில்லை. விதை பரவி, தானே புல்வெளியில் ஏறியது. பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி மறைந்துவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு கூறுகிறது.

தண்ணீர்க் கணக்கு இன்னும் முக்கியமானது. உதகை அருகே கிளென்மார்கனில் மத்திய மண்வள ஆராய்ச்சி நிலையத்தார் அடுத்தடுத்த இரு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்தனர். ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றின் 59 விழுக்காட்டுப் பரப்பில் 1972இல் கற்பூர மரம் நட்டனர். முதல் பத்தாண்டில் மரம் நட்ட பகுதியிலிருந்து வந்த நீர் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய மரம் மீண்டும் தழைத்த அடுத்த சுற்றில் குறைவு 25 விழுக்காட்டை எட்டியது. பைக்காராவும் பவானியும் இம்மலைகளில் பிறப்பவை. பைக்காராவில் 1932 முதல் மின்சாரம் எடுக்கிறோம். பவானி நீரில் ஈரோட்டு வயல்கள் விளைகின்றன. மலையில் புல் குறைந்தால் அடிவாரத்தில் வாய்க்கால் குறையும் என்பதே இதன் பொருள்.

2022இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றும் கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஆனால் மரத்தை வெட்டினால் மட்டும் புல் வந்துவிடாது. மண்ணில் கிடக்கும் சீகை விதை மீண்டும் மீண்டும் முளைக்கும். பல ஆண்டுகள் பிடுங்கிக் கொண்டே இருக்க வேண்டும். சில இடங்களில் சீகையின் நிழலில் சோலைக் கன்றுகள் வளர்வதால், எதை வெட்டுவது, எதை விடுவது என்பதும் ஆராய வேண்டியதாகிறது. அழிக்க ஒரு தலைமுறை போதும். மீட்க ஒரு தலைமுறை போதாது.

நம் ஊரின் மேய்க்கால்

இதற்கும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். நம் ஊர்களில் ஒன்றின் பெயர் திருமுல்லைவாயில். முல்லை, ஆயர் வாழ்ந்த திணை. ஆவடியின் முதலெழுத்தே பசுவைக் குறிக்கும் 'ஆ'தான் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. சென்னை நகரின் நடுவே மந்தைவெளி இருக்கிறது; மந்தையும் இல்லை, வெளியும் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது.

வருவாய்த்துறைப் பதிவேட்டில் 'மேய்க்கால் புறம்போக்கு' என்றொரு வகை உண்டு. ஊர் மாடுகள் மேய்வதற்கென்று விடப்பட்ட பொது நிலம் அது. கோடையில் நீர் வற்றிய ஏரியின் உட்பகுதியும் மேய்ச்சல் நிலமே. அறுகு, கோரை, கொழுக்கட்டைப்புல், ஊசிப்புல் என்று என் தாத்தா ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைப்பார். எதைத் தின்றால் பால் சுரக்கும், எது முற்றினால் மாட்டின் வாயைக் குத்தும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் பன்னிரண்டு மாடுகள் இருந்தன. மேய்ந்த இடம் ஒவ்வொன்றாக வீடும் சாலையும் பட்டறையுமாக மாறிய போது மாடுகளும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசிப் பசுவை விற்ற பணத்தில்தான் நான் இக்கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

வீடும் சாலையும் பட்டறையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் தந்தை வேலை செய்வதும் ஒரு பட்டறையில்தான். ஆனால், அந்நிலத்தை எடுத்துக் கொண்டபோது ஒன்றுமில்லாத இடத்தை எடுத்ததாக எல்லாரும் எண்ணினார்களே, அதுதான் பிழை. ஒரு குடும்பத்தின் பாலும், தயிரும், வரட்டியும், ஒரு முதியவரின் அறிவும் அங்கே இருந்தன.

முடிவுரை

நாடெங்கும் புல்வெளிகள் பல இன்றும் அரசுப் படங்களில் தரிசு என்ற தலைப்பின் கீழேயே அடங்குகின்றன. 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருப்பது ஒரு நல்ல தொடக்கம். புவியியல் மாணவராகிய நாம் நாளை நில அளவையிலோ, வருவாய்த்துறையிலோ, வனத்துறையிலோ பணிக்குச் செல்லக்கூடும். அப்போது நம் கையில் இருக்கும் வண்ணக்கோல் ஒரு நிலத்தின் தலையெழுத்தையே மாற்றக் கூடியது. வண்ணம் தீட்டுமுன் அந்நிலத்தில் யார் மேய்க்கிறார், என்ன மேய்கிறது, அங்கிருந்து தண்ணீர் எங்கே போகிறது என்று மூன்று கேள்விகள் கேட்போமாக.

என் படத்தை மீண்டும் வரைந்தேன். மஞ்சளை அழித்து, ஓரக்குறிப்பில் 'மலைப் புல்வெளி - எருமை மேய்ச்சல், வரையாட்டின் இருப்பிடம், நீர்ப்பிடிப்பு' என்று எழுதினேன். இம்முறை விரிவுரையாளர் கையொப்பம் மட்டும் இட்டார். வீட்டில் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த மலைப் புல்லுக்குப் பேரு என்ன கண்ணு?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த களப்பயணத்தில் கற்று வந்து அவருக்குச் சொல்ல வேண்டும்.