நகல் எடுக்கப் போய் மூலம் போன கதை

நம் சங்கத்துக் குடும்பங்களில் எம்.டெக்., பிஎச்.டி. என்று படித்துக் கொண்டிருக்கும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். அவர்களுடைய மூன்று நான்கு வருட உழைப்பு முழுவதும் ஒரு லேப்டாப்புக்குள் இருக்கிறது. "பேக்கப் எடுத்து வைத்திருக்கிறாயா?" என்று என் தம்பி மகளிடம் கேட்டேன். "எல்லாம் யூனிவர்சிட்டி சர்வரில் இருக்கிறது பெரியப்பா" என்றாள். அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகம் பெயர் பெற்றது. அங்குள்ள சூப்பர் கம்ப்யூட்டரில் ஆராய்ச்சிக் குழுக்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வைப்பது வழக்கம். 2021 டிசம்பர் 14 மாலை தொடங்கி 16ஆம் தேதி நண்பகல் வரை, அந்தக் கோப்புகள் ஒவ்வொன்றாக அழிந்து கொண்டிருந்தன. போனது சுமார் 77 டெராபைட்; எண்ணிக்கையில் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள். பாதிக்கப்பட்ட குழுக்கள் 14. அவற்றில் 4 குழுக்கள் இழந்ததை நகலிலிருந்து மீட்க முடியவில்லை.

இதில் திருடன் இல்லை, வைரஸ் இல்லை, தீ விபத்தும் இல்லை. அழித்தது பேக்கப் ஏற்பாடேதான்.

நடந்தது இதுதான். நகல் எடுக்கும் வேலைக்கு 'ஸ்கிரிப்ட்' என்ற கட்டளைத் தொகுப்பு ஒன்று இருந்தது. 10 நாளைக்கு முந்திய பழைய லாக் குறிப்புகளைத் துடைத்து விடுவதும் அதன் வேலைகளில் ஒன்று. கம்ப்யூட்டரைக் கொடுத்த நிறுவனம் அந்த ஸ்கிரிப்டைப் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று திருத்தி எழுதியது. நல்ல எண்ணந்தான். ஆனால் பழையது ஓடிக் கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதியதைப் பதிந்து விட்டார்கள். இவ்வகை ஸ்கிரிப்டைக் கம்ப்யூட்டர் முழுவதும் ஒரே மூச்சில் படித்து வைத்துக் கொள்வதில்லை. கொஞ்சம் படிக்கும், செய்யும், மறுபடி படிக்கும். ஆகவே பாதி வழியில் புதிய ஸ்கிரிப்டின் நடுவிலிருந்து படிக்க ஆரம்பித்தது. எந்த இடத்தில் அழிக்க வேண்டும் என்ற விவரம் அதற்குக் கிடைக்கவில்லை. லாக்குகளுக்குப் பதிலாக, ஆராய்ச்சிக் கோப்புகள் இருந்த கிடங்கில் பழையவற்றைத் தேடி அழித்துக் கொண்டே போனது.

சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. வண்டி மேலே ஓடிக் கொண்டிருக்கும்போது அடியில் பாயிண்டை மாற்றிய கதை அல்லவா இது! ரயில்வேயில் பாயிண்டைத் தொடுவதற்கு முன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். வேலை முடிந்து, சோதித்துப் பார்த்து, ரீகனெக்‌ஷன் மெமோ கொடுத்த பிறகுதான் அது மறுபடி உபயோகத்துக்கு வரும். கொட்டும் மழையில் அந்தக் கையெழுத்துக்காகக் காத்து நின்று நானும் அந்தத் தாளைத் திட்டியிருக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கியோட்டோவில் இருந்த நகல் 'மிர்ரர்' வகை, அதாவது கண்ணாடி மாதிரி. மூலத்தின் இன்றைய நிலையை அப்படியே காட்டும். போன வாரம் எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சம்பவத்துக்குப் பிறகு, மாறியவற்றை மட்டும் தனித்தனியாகச் சில காலம் வைத்திருக்கும் 'இன்கிரிமெண்டல்' முறையையும் சேர்ப்பதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. முக்கியமான கோப்புகளை வேறு இடத்திலும் நீங்களே வைத்துக் கொள்ளுங்கள் என்று ஆராய்ச்சியாளர்களைக் கேட்டுக் கொண்டது. எல்லா வசதியும் உள்ள இடமே இப்படிச் சொல்லுகிறது!

நம் பிள்ளைகள் நம்பியிருக்கும் கூகுள் டிரைவும், லேப்டாப்புடன் இணைத்து வைத்தால், பெரும்பாலும் கண்ணாடி மாதிரிதான். இங்கே அழித்தால் அங்கும் போய்விடும். குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், பிறகு அதுவும் இல்லை. அதனால் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி, வாரம் ஒரு முறை தேதி போட்ட தனி ஃபோல்டரில் நகல் எடுக்க வேண்டும். எடுத்ததும் கேபிளைக் கழற்றி விடுவது முக்கியம். லேப்டாப்பில் வைரஸ் புகுந்தால், செருகியிருக்கும் டிஸ்க்கையும் அது விடாது. டிஸ்க்கையும் லேப்டாப்பையும் ஒரே பையில் போட்டுக் கொண்டு ரயில் ஏறுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பை போனால் இரண்டும் போச்சு.

கடைசியாக, எடுத்த நகலைத் திறந்து பார்த்தீர்களா? மாதம் ஒரு முறை நாலு ஃபைலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க வேண்டும். தம்பி மகளும் என் தொந்தரவு தாங்காமல் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தாள். கட்டுரை அத்தியாயங்கள் எல்லாம் திறந்தன. இரண்டாம் வருடத்துச் சோதனை அளவுகள் இருந்த ஃபோல்டர் மட்டும் காலியாக இருந்தது. லேப்டாப்பில் அது பத்திரமாக இருந்ததால், அன்று மாலையே மறுபடி நகல் எடுத்தாள். அந்த டிஸ்க் இப்போது என் அலமாரியில் இருக்கிறது.