உன் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.

அன்புக் கண்ணுக்கு அத்தை எழுதுவது.

நீ அனுப்பிய குரல் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கிள்ளானில் உங்கள் வீட்டுப் பக்கத்துக் கோயிலில் நவராத்திரிக்குப் "பொம்பளப் பிள்ளைங்க மட்டும் வாசிக்கிற மாதிரி" ஒரு கச்சேரி கேட்டிருக்கிறார்கள். நீ மிருதங்கம், உன் கூட்டாளிகள் பாட்டும் வயலினும் கடமும். எல்லோரும் ஒரே நிறத்தில் புடவை கட்டி வர வேண்டுமாம். சன்மானம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதே கோயிலில் திருவிழாவின் பெரிய கச்சேரிக்கு உன்னை வாசிக்க வைக்கலாமே என்று உன் அப்பா கேட்டதற்கு, "பாடகர் ஒத்துக்க மாட்டாருங்க" என்று முடித்துவிட்டார்கள். இந்த நிலையில் போவதா வேண்டாமா, பெண்கள் குழு என்று பெயர் வாங்கிவிட்டால் கடைசிவரை அதற்குள்ளேயே அடைத்துவிடுவார்களா என்று கேட்கிறாய்.

போ. போய் நன்றாக வாசி. ஆனால் சன்மானம் எவ்வளவு என்று கமிட்டியிடம் நீயே கேள், அப்பாவை அனுப்பாதே. வெளியிலிருந்து வரும் வித்வானிடம் பேசும்போது வெள்ளிக் கணக்கு முதல் பேச்சிலேயே வந்துவிடுகிறது. உங்களிடம் மட்டும் அம்மனுக்குச் செய்கிற தொண்டு என்கிறார்கள். தொண்டு செய்ய நீ விரும்பினால் தாராளமாகச் செய். அதை உனக்காக இன்னொருவர் முடிவு செய்வது எனக்குச் சம்மதமில்லை.

பெண்கள் குழு என்ற பெயருக்கு வருகிறேன். இந்தக் கேள்வியை உனக்கு வெகு முன்பே சந்தித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-இல் பிறந்தவர், தேவதாசி மரபில் வந்தவர், அந்தக் காலத்துச் சென்னையில் பெரும்புகழும் பெரும்பொருளும் ஈட்டிய பாடகி. திருவையாற்றில் தியாகராஜரின் சமாதி கவனிப்பாரில்லாமல் கிடக்கிறது என்று தெரிந்ததும் நிலத்தை வாங்கி, நகைகளை விற்று, 1920களில் அங்கே சன்னிதி எழுப்பினார். இவ்வளவும் செய்தவருக்கு அங்கே ஆண்டுதோறும் நடக்கும் தியாகராஜர் ஆராதனையில் பாட அனுமதி கிடையாது. அப்போது ஆராதனை நடத்தியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். எல்லாவற்றிலும் சண்டை போட்ட அந்த இரண்டு கட்சியும், பெண்கள் பாடக் கூடாது என்பதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தன.

1927-இல் நாகரத்தினம்மாள் பெண்களைத் திரட்டினார். அதே சன்னிதியின் பின்புறத்தில், அதே ஆராதனை நாட்களில், பெண்களே பாடினார்கள், பெண்களே கதை சொன்னார்கள். மூன்றாவது கட்சி, பெண்கள் கட்சி. ஊரை விட்டு வேறெங்கோ போய்த் தனி விழா நடத்தியிருக்கலாம், அவரிடம் அதற்குப் பணமிருந்தது. அவர் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்தார். முன்னால் பாடுபவர்களுக்குக் காதில் விழுகிற தூரம். ஆண்டு தவறாமல் அப்படியே நடந்து, 1940-41 வாக்கில் எல்லாக் கட்சிகளும் ஒன்றானபோது பெண்களும் அந்த ஒரே ஆராதனைக்குள் வந்தார்கள். இன்று பஞ்சரத்தினம் பாடும் கூட்டத்தில் நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் பெண்கள் வரிசை அங்கிருந்து வந்தது. 1952-இல் அவர் காலமானார். அதற்கு முன்பே உயிலில், பெண்கள் அங்கே வழிபடவும் பாடவும் தடையிருக்கக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டார். வாய்ப்பேச்சை நம்பாமல் எழுத்தில் வாங்குகிற அந்தப் புத்தி நம் வீட்டுப் பெண்களுக்கு வர வேண்டும்.

அவர் செய்த இன்னொரு காரியமும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்த்வனமு' என்ற காவியத்தை, முந்தைய பதிப்பில் வெட்டப்பட்டிருந்த பகுதிகளையும் சேர்த்து 1910-இல் பதிப்பித்தார். ஆபாசம் என்று சொல்லி வெள்ளைக்கார அரசு மறு ஆண்டே தடை போட்டது. தடை நீங்க 1947 ஆயிற்று. முத்துப்பழனியால் இவருக்கு ஆகப்போவது என்ன? அவர் இறந்து நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அப்படியும் ஒரு கலைக்காரியின் பெயர் அழியக் கூடாது என்று இன்னொரு கலைக்காரி தடையையும் வசையையும் தாங்கிக்கொண்டாள்.

இப்போது மேடைக்கு வா. நம் கச்சேரி மேடையில் பாடகருக்கு இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம், பின்னால் தம்பூராவோடு சிஷ்யை. அந்த இடங்களில் யார் உட்காருவது என்பதைப் பெரும்பாலும் நடுவில் உட்காருபவர் தீர்மானிக்கிறார். பெண்ணுக்குப் பெண் செய்யக்கூடிய உதவி என்று நான் நினைப்பது இந்த ஒரு இடத்தைத்தான். எம்.எல். வசந்தகுமாரியைப் பார். ஊர் ஊராகக் கச்சேரி செய்த நட்சத்திரப் பாடகி, எந்தப் பெரிய வயலின் வித்வானையும் கேட்டு வாங்கியிருக்கலாம். அவர் விஜயநகரத்திலிருந்து வந்த ஏ. கன்யாகுமரியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள், 1990-இல் எம்.எல்.வி. மறையும் வரை. அதே மேடையில் பின்னால் தம்பூராவோடு உட்கார்ந்து கூடப் பாடியவர் சுதா ரகுநாதன். சுதாவுக்கு 2013-லும், கன்யாகுமரிக்கு 2016-லும் சங்கீத கலாநிதி விருது வந்தது. வயலின் வாசிக்கும் பெண் ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுதான் முதல் தடவை. பெண்ணுக்கு அந்த விருது முதன்முதலில் கிடைத்ததே 1968-இல்தான், எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு.

எம்.எல்.வி. பெண்கள் முன்னேற்றம் பற்றி மேடையில் பேசினாரா இல்லையா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. மேடையேறும்போதெல்லாம் இடப்பக்கத்தில் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டார். கை தேறுவது அப்படித்தான். வீட்டில் பத்து வருடம் சாதகம் செய்தாலும், ஆயிரம் பேர் முன்னால் பாடகி எதிர்பாராமல் விடுகிற ஒரு ஸ்வரக் கோவைக்கு உடனே பதில் சொல்லும் பழக்கம் வீட்டில் வராது.

உன் வாத்தியத்துக்கு வழி இன்னும் குறுகலாக இருந்தது. புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் மிருதங்கம் கற்ற ரங்கநாயகி அம்மாள் 1910-இல் பிறந்தவர், அந்த வாத்தியத்தில் மேடையேறிய பெண்களில் முன்னோடி. பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று பெரிய மிருதங்க வித்வான்கள் வைராக்கியமாக இருந்த காலம் அது. பாலக்காடு மணி ஐயரே வெகுகாலம் கழித்துப் பாடகி டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்த பிறகுதான் அந்தக் கட்டு தளர்ந்தது. பாடுகிற பெண்ணுக்கே இந்தப் பாடு என்றால் வாசிக்கிற பெண்ணை யார் சேர்ப்பார்கள்? அடுத்த தலைமுறையில் சுகன்யா ராம்கோபால். சென்னை திருவல்லிக்கேணியில் கட வித்வான் விக்கு விநாயக்ராம் வீட்டுப் பள்ளிக்கு வயலின் கற்க வந்த பெண். பக்கத்து அறை மிருதங்கச் சத்தத்தில் மயங்கி, விக்குவின் அப்பா ஹரிஹர சர்மாவிடம் லயத்துக்குத் தாவினார். பிறகு கடம் வேண்டும் என்றார். பெண் விரலுக்குக் கடம் ஆகாது என்று விக்கு தயங்கியபோது, நான் சொல்லித் தருகிறேன் என்று முன்வந்தவர் அந்தப் பெரியவர்தான். பெண் உட்கார்ந்த மேடையில் வாசிக்க மறுத்தவர்களையும் பார்த்துவிட்டு, 1995-இல் சுகன்யா 'ஸ்த்ரீ தாள் தரங்' என்று முழுக்கப் பெண்களே வாசிக்கும் குழுவைத் தொடங்கினார். 2014-க்கான சங்கீத நாடக அகாதமி விருது அவருக்குக் கிடைத்தது. குழுவுக்குள் அடைபட்டுவிட்டாரா? பெரிய பாடகர்களுக்கு வாசித்துக்கொண்டேதான் குழுவையும் நடத்தினார். உன் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

பெண்களை ஒதுக்குவது நம் சங்கீதத்துக்கு மட்டும் வந்த நோயும் இல்லை. வியன்னா ஃபில்ஹார்மோனிக் என்ற உலகப் புகழ் பெற்ற வாத்தியக் குழு 1997 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அன்னா லெல்கெஸ் என்பவர் அங்கே 1971-லிருந்து ஹார்ப் வாசித்துக்கொண்டிருந்தார், உறுப்பினர் ஆகாமலே. வேலை வாங்கிக்கொள்வார்கள், பெயரைப் பதிய மாட்டார்கள். சன்மானத்தைக் கேள், விளம்பரத்தாளில் உங்கள் ஒவ்வொருவர் பெயரையும் போடச் சொல் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். "மகளிர் குழுவினர்" என்று மொத்தமாகப் போட விடாதே.

இனி நம் ஊர் விஷயம். நம் பக்கம் பெண்கள் கற்றுக்கொள்வதில் குறையே இல்லை. 1981-இல் தொடங்கிய, இங்கே ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் சாயங்காலம் போய்ப் பார், படிக்கட்டு முழுக்கப் பெண்பிள்ளைகளின் செருப்பு. திருமுறை ஓதும் விழாவில் பரிசு வாங்குகிறவர்களிலும் பெண்களே அதிகம். எஸ்பிஎம் தேர்வு வரை பாடுவார்கள், அரங்கேற்றம் செய்வார்கள், பல்கலைக்கழகம் போவார்கள். அதோடு வாத்தியத்துக்கு உறை போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுவார்கள். திறமை போய்விட்டதாலா? ராத்திரி பத்தரை மணிக்குக் கச்சேரி முடிந்தால் பிள்ளையை யார் வீடு கொண்டு சேர்ப்பது என்ற கேள்விக்கு அந்த வீடுகளில் பதில் இல்லை, அவ்வளவுதான். உன் குழு இதற்கு ஒரு ஏற்பாடு செய்யட்டும். உன்னிடம் கார் இருக்கிறது. கடம் வாசிக்கிற பிள்ளையையும் வயலின் பிள்ளையையும் வாசலில் இறக்கி, அம்மா கதவைத் திறந்த பிறகு நீ கிளம்பு. சன்மானத்தில் பெட்ரோலுக்கு எடுத்துக்கொள். நீங்கள் தலைப்பு வைத்துப் பாடும் எந்தப் பாட்டைவிடவும் இது அந்தப் பிள்ளைகளை மேடையில் நிறுத்தி வைக்கும்.

இன்னொன்று, மிருதங்கம். உன்னிடம் இருப்பது ஆண் குரலுக்கான தக்கு சுருதி மிருதங்கம். உன் குருநாதர் வாங்கிக் கொடுத்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெண்கள் பெரும்பாலும் ஐந்து கட்டைச் சுருதியை ஒட்டிப் பாடுவார்கள். அதை எட்டுவதற்கு நீ வாரை இழுத்து, கல்லும் கட்டையும் வைத்து விளிம்பைத் தட்டித் தட்டி ஏற்றினால் வலந்தலை கிழியும், நாதமும் கட்டையாகப் போகும். உடல் குட்டையான ஹெச்சு சுருதி மிருதங்கம் ஒன்று உனக்கு வேண்டும். அது இல்லாததால்தான் பெண் பாடகிகள் கூப்பிடும்போதெல்லாம் தயங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். நம் ஊர் மழைக்குத் தோல் ஒரே சாயங்காலத்தில் தளர்ந்துவிடுகிறது, அதனால் இரண்டு இருப்பது நல்லது. பணத்துக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். அந்த மிருதங்கம் உன்னுடையது மட்டுமாக இருக்கக் கூடாது. உனக்குப் பின்னால் கற்கிற பெண் கேட்டால் கச்சேரிக்குக் கொடுத்து வாங்கு.

உன் குழுவில் கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் மட்டும் போதும் என்று பேசிக்கொண்டீர்களாம். இதில் எனக்கு வருத்தம். பத்துமலைத் தைப்பூசத்தில் உறுமி மேளக் குழுப் பையன்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோளில் உறுமி மாட்டிய பெண்கள் தெரிகிறார்கள். அவர்களுக்குக் கணக்கும் உண்டு, கையும் உண்டு. அவர்களில் ஒருத்தியைத் தேடிப்பிடி. நம் குடும்பம் சங்கீத சபாவிலிருந்து வந்ததில்லை, காப்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தது. விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகிற பெண்கள் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார்கள். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். ஆயா ஒவ்வொரு தொட்டிலாக ஆட்டிக்கொண்டே பாடுவாள், அந்தந்தப் பிள்ளையின் தாய்மாமன் பெயரை அந்தந்தத் தாலாட்டில் சேர்த்து. யார் வீட்டுப் பிள்ளைக்கு எந்த மாமன் என்று அவளுக்கு மனப்பாடம். அவள் பாடியதால் பிள்ளை உறங்கிற்று, பிள்ளை உறங்கியதால் தாய் மரம் வெட்டிச் சம்பளம் வாங்கினாள். உன் கொள்ளுப்பாட்டி அப்படிச் சம்பளம் வாங்கியவர்களில் ஒருத்தி. பெண்ணுக்குப் பெண் பாட்டால் கை கொடுத்த கதையை நாகரத்தினம்மாளிடமிருந்து ஆரம்பித்தேன், ஆனால் நம் வீட்டில் அது ஆயாவிடமிருந்தே ஆரம்பிக்கிறது.

கடைசியாக ஒரு வேலை. தீபாவளி கழித்து இங்கே எனக்கு ஒரு கச்சேரி இருக்கிறது. மிருதங்கத்துக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டேன், பின்னால் உன் கூட்டாளி கடம். மறுக்காதே. ஒத்திகைக்கு அடுத்த சனிக்கிழமை காலைக் கொமுட்டரில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்து வந்துவிடு, மத்தியானச் சாப்பாடு இங்கேதான். பல்லவியை மிஸ்ர ஜாதி திரிபுடையில் எடுக்கிறேன், அதற்கு ஒரு கோர்வை கட்டிக்கொண்டு வா. தனி ஆவர்த்தனத்துக்கு இருபது நிமிடம் விடுகிறேன், வடை சாப்பிட எழுந்து போகிறவர்கள் போகட்டும், அதைப் பார்த்துச் சுருக்கிவிடாதே. வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் ஒரே சன்மானம் என்று ஏற்பாட்டாளர்களிடம் எழுதி வாங்கியிருக்கிறேன். அந்தத் தாளின் நகலைக் கவரில் வைத்திருக்கிறேன். கோயில் கமிட்டியிடம் பேசப் போகும்போது எடுத்துக்கொண்டு போ.

உன் அத்தை