பழைய விக்டோரியன் வீட்டுக்கு 9,000 பவுண்டு இன்சுலேஷன்: லோன் போடலாமா?

லண்டன்ல வேலை, தலைமேல மார்ட்கேஜ், ஈஸ்ட் ஹாம் பக்கம் நூறு வருஷம் தாண்டின ஒரு டெரஸ் வீடு. குளிர் வந்தா ஹீட்டிங் ஓடிக்கிட்டே இருக்கு, ஆனாலும் கால் சில்லுனு இருக்கு. அப்போ ஒருத்தர் வந்து, "சுவருக்கு இன்சுலேஷன் போட்டுடலாம். 9,000 பவுண்டு. தவணையில கட்டுங்க, மிச்சமாகிற கேஸ் பில்லே லோனை அடைச்சிடும்"னு சொல்றார்.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க.

முதல்ல, உங்க சுவர் எந்த வகை?

விக்டோரியன் காலத்து வீடுகள் பெரும்பாலும் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர்தான், நடுவுல இடைவெளி கிடையாது. பிற்கால வீடுகள்ல ரெண்டு சுவருக்கு நடுவுல இடைவெளி இருக்கும். அதுல இன்சுலேஷனை நிரப்பறது மலிவு. வெளியில போய் செங்கலைப் பாருங்க. நீளப் பக்கமும் குட்டைப் பக்கமும் மாறி மாறி தெரிஞ்சா, அது பெரும்பாலும் இடைவெளி இல்லாத சுவர். அப்போ உள்பக்கமோ வெளிப்பக்கமோ பலகை ஒட்டித்தான் ஆகணும். செலவு அங்கதான் ஏறுது.

சுவர்க் கணக்கு

வெப்பம் எவ்வளவு வேகமா வெளியே போகுதுன்னு சொல்ற எண்ணுக்குப் பேர் யூ-வேல்யூ. குறைய குறைய நல்லது. இந்த மாதிரி சுவருக்கு இது சுமார் 2. உள்பக்கம் இன்சுலேஷன் போட்டு 0.5க்கு கொண்டு வர்றோம்னு வெச்சுக்கலாம். வித்தியாசம் 1.5.

வெளிக்காத்து படற சுவர் 50 சதுர மீட்டர்; வருஷத்துக்கு 2,000 டிகிரி டே (குளிர் எவ்வளவு, எத்தனை நாள்னு சேர்த்துச் சொல்ற அளவு) என்று எடுத்துக்கலாம்.

1.5 × 50 × 2,000 × 24 ÷ 1,000 = 3,600 யூனிட் வெப்பம்.

பாய்லர் 85% திறன்னா, கேஸ் சுமார் 4,235 யூனிட். யூனிட் 6 பென்ஸ்னா, வருஷத்துக்கு மிச்சம் 254 பவுண்டு. 9,000 பவுண்டு திரும்பி வர 35 வருஷம்!

இப்போ லோன். 8% வட்டின்னா முதல் வருஷ வட்டி மட்டுமே கிட்டத்தட்ட 720 பவுண்டு. கேஸ் விலை ரெண்டு மடங்கு ஆனாலும் மிச்சம் 508 பவுண்டுதான். பில் லோனை அடைக்காது. உங்க சம்பளம்தான் அடைக்கும். கையில காசு இருந்தாலும், 4% தர்ற சேமிப்புக் கணக்குல 9,000 பவுண்டு வருஷத்துக்கு 360 பவுண்டு தரும்.

தரைக் கணக்கு

மரப்பலகைத் தரை, கீழே வெற்றிடம். 35 சதுர மீட்டர், யூ-வேல்யூ 0.7ல இருந்து 0.2. அதே முறையில போட்டா வருஷத்துக்கு சுமார் 59 பவுண்டு மிச்சம். தொகை சின்னதுதான். ஆனா பலகையைத் தூக்கி, கீழ இருக்கிற மரச்சட்டங்களுக்கு நடுவுல வலை கட்டி கம்பளியை நீங்களே நிரப்பினா, பொருளுக்கு 600 பவுண்டுன்னு வெச்சாலும் 10 வருஷத்துல போட்டது திரும்பிடும். பலகை இடுக்குகளை அடைச்சா, காலுக்கு அடிக்கிற குளிர்காத்தும் நிக்கும். இந்தக் கணக்குல அது சேரவே இல்ல.

ஒரே எச்சரிக்கை: வெளிச்சுவர்ல தரைக்குக் கீழே இருக்கிற காத்துத் துளைச் செங்கல்களை அடைக்கவே கூடாது. அடைச்சா கீழே ஈரம் தங்கி மரம் உளுத்துப் போகும்.

ஈரம்: யாரும் சொல்லாத செலவு

உள்பக்கம் இன்சுலேஷன் போட்டா செங்கல் முன்னைவிட குளிர்ச்சியாகிடும். சமையல், குளியல் ஆவி பலகைக்குப் பின்னாடி போய் தண்ணியா மாறலாம். பூஞ்சை வரும், சுவருக்குள்ள செருகின மரச்சட்ட நுனி கெடும். அதனால ஒழுகற பைப், உடைஞ்ச கட்டர், செங்கல் இடுக்குப் பூச்சு எல்லாத்தையும் முதல்ல சரி பண்ணுங்க. ஈரத்தை வாங்கி வெளியே விடற மரநார்ப் பலகை, சுண்ணாம்புப் பூச்சு பத்தி கேளுங்க. பாதுகாக்கப்பட்ட கட்டடம்னா, அனுமதி இல்லாம கை வெச்சா அது குற்றம்.

அப்போ என்ன பண்ணலாம்?

1. கதவு, ஜன்னல், தரை இடுக்கு அடைப்பு. செலவு சில பத்து பவுண்டு.
2. பரண்ல இன்சுலேஷன் குறைவா இருந்தா அதை நிரப்புங்க.
3. தரை.
4. சுவரை ஒவ்வொரு அறையா, எப்படியும் பூச்சு உரிக்கிறப்போ பண்ணுங்க. 9,000ல 5,000 எப்படியும் போற பூச்சு வேலைச் செலவுன்னா, கூடுதல் 4,000தான். 35 வருஷம் 16 வருஷமா குறையும். பாதிக்கு மேல உரிச்சா கட்டட விதிப்படியே இன்சுலேஷன் பத்தி யோசிச்சாகணும், கவுன்சில்ல கேட்டுக்குங்க.

வரி விஷயம் ஒண்ணு: 2027 மார்ச் 31 வரைக்கும் ஒப்பந்தக்காரரே பொருளோட வந்து போட்டா வாட் 0%. நீங்களா கடையில வாங்கினா 20%. கொட்டேஷன்ல வாட் சேர்த்திருந்தா உடனே கேளுங்க.

சுவர் சூடா இருந்தா வீட்ல உக்காரவே சுகமா இருக்கும், அது உண்மை. அந்த சுகத்துக்காக சேமிச்ச காசைக் கொடுக்கறது உங்க விருப்பம். ஆனா அதை 'முதலீடு'ன்னு யாராவது வித்தா, மேல இருக்கிற கணக்குல உங்க வீட்டு எண்களைப் போட்டு அவங்ககிட்ட காட்டுங்க. அதுக்கப்புறம் முடிவு பண்ணுங்க.