அமெரிக்கக் காங்கிரசில் ஒரு கணிதப் பட்டதாரி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

பட்டம் பெற்றால் வாழ்வு உயரும் என்ற நம்பிக்கையோடுதான் நம்மில் பலரும் இக்கல்லூரிக்கு வந்துள்ளோம். என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே அந்த நம்பிக்கை எனக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு. ஆனால் டாக்டர் பட்டம் பெற்ற பின்னும் ஒருவருக்கு எல்லாக் கதவுகளும் அடைபட்டிருந்தால்? அவ்வாறு நின்ற தலீப் சிங் சௌந்த் என்பவரின் வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

இளமையும் கல்வியும்

சௌந்த் 1899-ஆம் ஆண்டு பஞ்சாப் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். பெற்றோர் பள்ளி சென்றறியாதவர்கள். ஆயினும் கல்வியின் அருமை உணர்ந்த தந்தையும் அவர்தம் சகோதரர்களும் ஊரில் ஒரு பள்ளியையே தொடங்கினர். 1919-இல் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டம் பெற்ற சௌந்த், உணவுப் பாதுகாப்பு முறைகளைக் கற்க 1920-இல் அமெரிக்கா சென்றார். அங்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் கணிதத்திற்கே திரும்பி, 1924-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அடைபட்ட கதவு

இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1923-இல் தீர்ப்பளித்திருந்தது. குடியுரிமைக்குத் தகுதியற்றோர் நிலம் வாங்கக் கூடாது என்பது கலிபோர்னியாவின் சட்டம். கணித டாக்டர், இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தி எடுக்கும் கூலியாட்களுக்கு மேஸ்திரியானார். பின்னர் சொந்தமாகப் பயிரிட்டார். பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை வீழ்ந்து கடன் சூழ்ந்தது. திவாலானதாக அறிவித்துத் தப்பிக்க வழியிருந்தும், கடனை அடைத்தே தீர்த்தார்.

சட்டமே மாறியது

தம் ஒருவருக்கு மட்டும் சலுகை தேடி அவர் அலையவில்லை. இந்தியர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்துக் குடியுரிமைக்காகப் பாடுபட்டார். 1946-இல் ஜனாதிபதி ட்ரூமன் லூஸ்–செல்லர் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆண்டுக்கு 100 இந்தியர்களே குடியேறலாம் என்றாலும், குடியுரிமைக் கதவு திறந்துவிட்டது. 1949-இல் சௌந்த் அமெரிக்கக் குடிமகனானார்.

மறு ஆண்டே வெஸ்ட்மார்லண்ட் என்னும் சிற்றூரின் நீதிபதித் தேர்தலில் நின்று வென்றார். குடிமகனாகி ஓராண்டு நிறையவில்லை என்று பதவி மறுக்கப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை, 1952-இல் மீண்டும் நின்று, வென்று, நீதிபதியாக அமர்ந்தார்.

1956-இல் ஜனநாயகக் கட்சியின் சார்பில் காங்கிரஸ் தேர்தலில் இறங்கினார். எதிர்த்து நின்றவரோ ஒலியின் வேகத்தைக் கடந்து பறந்த முதல் பெண்மணி ஜாக்குலின் காக்ரன். புகழும் செல்வமும் உடையவர். சௌந்த் குடும்பத்தோடு வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்டார், வென்றார். ஆசியாவில் பிறந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு உறுப்பினராகத் தேர்வான முதல்வர் அவரே. 1958, 1960 தேர்தல்களிலும் வென்றார். 1962-இல் பக்கவாதம் தாக்கியது. அவ்வாண்டுத் தேர்தலில் தோற்றார். 1973-இல் மறைந்தார். அவருக்குப் பின் இந்திய வழிவந்த ஒருவர் அச்சபைக்குத் தேர்வாவதற்கு 2004 வரை ஆயிற்று.

முடிவுரை

படிப்பு வீண் என்பதன்று இவ்வரலாறு காட்டுவது. பட்டம் ஒருவரைத் தகுதியுடையவராக்கும். அத்தகுதியை ஏற்காத சட்டத்தை மாற்றப் பலர் ஒன்றுகூடி உழைக்க வேண்டும். சௌந்த் இரண்டையும் செய்தார். வேலைக்கான விண்ணப்பத்தோடு மட்டும் நம் கல்வி முடிந்துவிடலாகாது என்பதே, நண்பர்களே, நான் இதிலிருந்து கற்றது.