பெற்றோல் எஞ்சினில் வளி உள்ளெடுப்பும் கழிவு வாயு வெளியேற்றமும்

மாணவர்களே, நான்கடிப்புப் பெற்றோல் எஞ்சினின் உறிஞ்சல், நெருக்கல், வலு, வெளியேற்றல் ஆகிய அடிப்புகளை வரைந்து பெயரிட நீங்கள் அறிவீர்கள். ஆனால் வளி உட்செல்லும் வழியையும் கழிவு வாயு வெளியேறும் வழியையும் மாற்றினால் என்ன நிகழும் என்று வினவினால் பலர் தடுமாறுகின்றனர். ஓர் உண்மையான எஞ்சினைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம்.

யமஹா நிறுவனத்தின் 2004ஆம் ஆண்டு மாதிரியான வை.எஃப்.இசட். 450, நான்கு சில்லுகளைக் கொண்ட பந்தய குவாட் பைக் ஆகும். இதன் எஞ்சினில் ஓர் உருளையே உண்டு. உருளையின் விட்டம் 95 மி.மீ., அடிப்பின் நீளம் 62 மி.மீ. ஆகவே,

கனவளவு = 3.14 × 4.75 × 4.75 × 6.2 ≈ 439 கன செ.மீ.

அதாவது ஏறத்தாழ 0.44 லீற்றர். நான்கடிப்பு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவையே உறிஞ்சல் நடைபெறும். நிமிடத்துக்கு 8000 சுற்றில், ஒவ்வொரு தடவையும் உருளை முற்றாக நிரம்புகிறது எனக் கொண்டால், நிமிடத்துக்கு 4000 × 0.44 = 1760 லீற்றர் வளி தேவை. இவ்வளவு வளியும் ஒரு வடிகட்டியினூடாகவும் ஒடுங்கிய வாயினூடாகவும் செல்லவேண்டியுள்ளது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கிளாமிஸ் மணற்குன்றுகளில் இத்தகைய வண்டிகளை ஓட்டுவோர் வலுவைக் கூட்ட விரும்பினால் முதலில் செய்வது இரண்டு வேலைகள்: வளிப்பெட்டியின் மூடியைக் கழற்றுதல், சைலன்சரை மாற்றுதல். இரண்டும் எளிதானவை. எஞ்சின் பழுதாவதும் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறது.

ஏன்? காபுரேற்றரின் ஒடுங்கிய பகுதியில் வளி வேகமாகச் செல்வதால் அங்கு அமுக்கம் குறைகிறது. கிண்ணத்திலுள்ள பெற்றோலை வளிமண்டல அமுக்கம் ஜெற்றின் துளையினூடாக மேலே தள்ளுகிறது. மூடி இருக்கும்போது அதன் தடையும் அமுக்கத்தைச் சற்றுக் குறைத்து, பெற்றோல் வர உதவுகிறது. மூடியைக் கழற்றினால் வளி கூடுகிறது. ஆனால் பெற்றோல் அதே விகிதத்தில் கூடுவதில்லை. இதைத்தான் விடை எழுதும்போது பலர் தவறவிடுகின்றனர்.

எண்களால் பார்ப்போம். வளியின் அடர்த்தி லீற்றருக்கு 1.2 கிராம் எனின், ஒரு தடவை உட்செல்லும் வளியின் திணிவு 0.44 × 1.2 = 0.528 கிராம், அதாவது 528 மி.கி. பெற்றோல் முற்றாக எரிய, திணிவின்படி 14.7 பங்கு வளிக்கு ஒரு பங்கு பெற்றோல் வேண்டும். எனினும் முழு வலுவில் ஓடும்போது 13 பங்குக்கு ஒன்று என்ற அளவே ஏற்றது. மேலதிக பெற்றோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சி, தகன அறையைக் குளிரவைக்கிறது. 528 ÷ 13 ≈ 41 மி.கி. பெற்றோல்.

இப்போது வளி 10% கூடி 581 மி.கி. ஆகிறது, பெற்றோல் மாறவில்லை எனக் கொள்வோம். விகிதம் 581 ÷ 41 ≈ 14.2. குளிரவைத்த மேலதிக பெற்றோலின் பெரும்பகுதி இல்லாமற் போய்விட்டது. தகன அறையின் வெப்பநிலை உயர்ந்து, கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டல் ஏற்படும். முசலம் அலுமினியக் கலப்புலோகத்தாலானது. தூய அலுமினியமே 660 பாகை செல்சியசில் உருகிவிடும். முழு வேகத்தில் சில நிமிடங்கள் ஓடினாலே முசலத்தின் தலை துளைபடக்கூடும். எனவே பெரிய ஜெற் பொருத்துவது கட்டாயம். துளையின் விட்டத்தை 5% கூட்டினால் பரப்பளவு 1.05 × 1.05 ≈ 1.10 மடங்காகும், 10% பெற்றோலுக்கு அது போதும்.

சைலன்சர் விடயத்தில், ‘அகலமான குழாய், கூடிய சத்தம், கூடிய வலு’ என்பது வெறும் நம்பிக்கை. வெளியேற்றல் வால்வு திறந்ததும் உயர் அமுக்க அலையொன்று குழாய் வழியே ஓடி, குழாய் அகலும் இடத்தில் தாழ் அமுக்க அலையாகத் தெறித்துத் திரும்புகிறது. அது வால்வு மூடுமுன் வந்து சேர்ந்தால் எஞ்சிய வாயுவை வெளியே இழுக்கும். உறிஞ்சல் வால்வும் அவ்வேளை சற்றுத் திறந்திருப்பதால் புதிய கலவை உள்ளே வரும். குழாயின் நீளம் குறித்த வேக எல்லைக்கே பொருந்தும். பொருந்தாத குழாயைப் போட்டால் குறைந்த வேகத்தில் இழுவை குறைந்து, சத்தம் மட்டும் மிஞ்சும். கலிபோர்னியாவில் 1986 ஜனவரி முதல் தயாரிக்கப்பட்ட இவ்வகை வண்டிகளின் ஒலி, குழாய் வாயிலிருந்து அரை மீற்றர் தூரத்தில் 96 டெசிபெலைத் தாண்டக்கூடாது.

மூடியில்லாத பெட்டிக்குள் மணல் இலகுவாகப் புகும். வடிகட்டிக்கு எண்ணெய் பூசி, அடிக்கடி கழுவாவிடின், நுண்மணல் உருளைச் சுவரைத் தேய்த்துவிடும். அப்போது முசல வளையங்களினூடாக வாயு கசிந்து, பெற்ற வலுவை விடக் கூடிய வலு இழக்கப்படும்.

பயிற்சி வினா: 400 கன செ.மீ. கனவளவுள்ள நான்கடிப்பு எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடுகிறது. (அ) நிமிடத்துக்கு உள்ளெடுக்கும் வளியின் கனவளவு யாது? (ஆ) அவ்வளிக்கு 13இற்கு 1 என்ற விகிதத்தில் எவ்வளவு பெற்றோல் தேவை? (இ) வளிப்பெட்டி மூடியை மட்டும் கழற்றி ஓட்டினால் முசலம் பழுதாவதற்கான காரணத்தைப் படிமுறையாக விளக்குக.

விடைகள்: (அ) 1200 லீற்றர். (ஆ) 1440 ÷ 13 ≈ 111 கிராம். (இ) ‘சூடாகும்’ என்று மட்டும் எழுதினால் போதாது. வளி கூடுதல், பெற்றோல் அதற்கேற்பக் கூடாமை, குளிர்த்தல் குறைதல், தட்டல், முசலம் உருகுதல் என்ற ஒழுங்கில் எழுதுக.