வயிற்றுவலியைக் கணித்த கணினி

கடுமையான வயிற்றுவலியோடு ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். அது குடல்வால் அழற்சியா, பித்தப்பை வீக்கமா, குடல் அடைப்பா, அல்லது தானாகவே அடங்கிவிடும் வலியா? அவசரப்பட்டால் தேவையற்ற அறுவை சிகிச்சை. தாமதித்தால் குடல்வால் வெடித்து உயிருக்கே ஆபத்து. இத்தகைய நேரத்தில் மருத்துவருக்குத் துணைநிற்பதே 'முடிவெடுக்க உதவும் தொழில்நுட்பம்'.

இது செயற்கை நுண்ணறிவுக் காலத்துப் புதுமை என்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டோம்பால் என்பவரின் குழு 1970களின் தொடக்கத்திலேயே இதைச் செய்து காட்டியது.

அதன் அடிப்படை, 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியாரின் கணிதம். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். வயிற்றுவலியோடு வரும் 100 பேரில் 20 பேருக்குக் குடல்வால் அழற்சி என்று வைத்துக்கொள்வோம். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு நகர்வது அதன் ஓர் அறிகுறி. அந்த 20 பேரில் 12 பேருக்கும், மற்ற 80 பேரில் 8 பேருக்கும் இந்த அறிகுறி உள்ளது. அப்படியானால் அறிகுறி உள்ள 20 பேரில் 12 பேருக்கு இந்நோய் இருக்கிறது. 20 விழுக்காடாக இருந்த வாய்ப்பு, ஒரே கேள்வியில் 60 விழுக்காடாகிவிட்டது! கணினி இவ்வாறே ஒவ்வோர் அறிகுறியாகச் சேர்த்துக் கணக்கிடுகிறது.

304 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 1972இல் வெளியானது. கணினியின் கணிப்பு 91.8 விழுக்காடு சரியாக இருந்தது; மூத்த மருத்துவர்களின் கணிப்பு 79.6 விழுக்காடு. பின்னர் 8 மையங்களில் 16,737 நோயாளிகளை உள்ளடக்கிய பெரிய ஆய்வு 1986இல் வெளிவந்தது. அதில் மருத்துவர்களின் தொடக்கக் கணிப்பின் துல்லியம் 45.6 விழுக்காட்டிலிருந்து 65.3 ஆக உயர்ந்தது. குடல்வால் அழற்சி நோயாளிகளில், குடல்வால் வெடித்தவர்களின் விகிதம் 23.7 விழுக்காட்டிலிருந்து 11.5 ஆகக் குறைந்தது.

இந்த வெற்றி முழுவதும் கணினிக்கே உரியதா? இல்லை. கணினிக்குத் தகவல் தருவதற்காக, மருத்துவர்கள் ஒரே மாதிரியான படிவத்தை வைத்து எந்தக் கேள்வியையும் விடாமல் கேட்டார்கள். தங்கள் கணிப்பு சரியா, தவறா என்பதையும் பிறகு அறிந்துகொண்டார்கள். இந்த ஒழுங்கும் அவர்களின் திறனைக் கூட்டியது.

இதற்கு எல்லைகளும் உண்டு. ஓர் ஊரின் நோயாளிகளைக் கொண்டு உருவாக்கிய கணக்கு, நோய்களின் பரவல் வேறுபடும் இன்னோர் ஊரில் பிசகக்கூடும். தவறான தகவலைக் கொடுத்தால் தவறான விடையே வரும். ஆகவே, கணினி ஆலோசனை சொல்லலாம். நோயாளியைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் மருத்துவரே.

இதில் உங்களுக்கும் பங்குண்டு. வலி எப்போது தொடங்கியது, முதலில் எங்கே வலித்தது, பிறகு எங்கே நகர்ந்தது, வாந்தியோ காய்ச்சலோ உண்டா, என்ன மருந்து உட்கொண்டீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். மருத்துவரானாலும் கணினியானாலும், நீங்கள் சொல்லும் விடைகளிலிருந்துதான் கணக்கு தொடங்குகிறது.